கூட்டத்தை நடத்துபவர் பேசமாட்டார்

நவம்பர் 4, திங்கள்

தீபாவளி விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்தது. என் மேசையில் யாரோ வைத்துவிட்டுப் போன மைசூர்பாகு டப்பா காலியாக இருந்தது. மெயிலைத் திறந்தால் ஜெயந்த் என்பவரிடமிருந்து ஒரு கடிதம். பெங்களூரிலிருந்து எங்கள் சரவணம்பட்டி அலுவலகத்துக்கு மேலாளராக வருகிறவர். இன்னும் நேரில் பார்த்ததில்லை.

ஒரு பால் நிறுவனத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்துகொடுக்கிறோம். எந்த வண்டி எந்த டிப்போவுக்கு எத்தனை லிட்டர் ஏற்றிக்கொண்டு போக வேண்டும் என்று அது சொல்லும். அந்த வேலையை இனிமேல் ‘அஜைல்’ முறையில் செய்யப் போகிறோமாம். ஆறு மாத வேலையை மொத்தமாக முடித்துக் காட்டுவதற்குப் பதில், இரண்டிரண்டு வாரமாகப் பிரித்து முடித்துக் காட்டுவது. தினமும் காலையில் பதினைந்து நிமிடம் எல்லோரும் நின்றுகொண்டே பேசுவது: நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடுக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை என்று மனம்விட்டுப் பேசுவது. இந்த நடைமுறைகளை வகுக்கவும் கூட்டங்களை நடத்தவும் ஓர் ஆள் வேண்டும்.

“நீங்கள் எழுதிய ஆவணங்கள் எல்லாவற்றையும் படித்தேன். இவ்வளவு தெளிவாக எழுதுகிறவரை நான் பார்த்ததில்லை. இந்தப் பொறுப்புக்கு நீங்கள்தான்” என்று எழுதியிருக்கிறார்.

பன்னிரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். வயது முப்பத்தொன்பது. போன மார்ச்சில் ஒரு குழுவைக் கலைத்தபோது வயதில் மூத்தவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் யோசித்துவிட்டு, “மகிழ்ச்சி, ஏற்றுக்கொள்கிறேன்” என்று பதில் அனுப்பினேன்.

எழுதும்போது சுலபமாகத்தான் இருந்தது.

நவம்பர் 6, புதன்

லிஃப்ட் வாசலில் ஜெயந்தைப் பார்த்தேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். கையை நீட்டி, “நீங்க?” என்றார்.

என் பெயர் தண்டபாணி. த, ட, ப. இந்த மூன்று எழுத்தையும் ஒரே பெயரில் வைத்திருக்க வேண்டாம். லிஃப்ட் வந்தது, கதவு திறந்தது, மூடியது, மேலே போய்விட்டது. நான் இன்னும் முதல் எழுத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். முதலில் அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு தன் ஷூவைப் பார்த்தார். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

நல்லவேளை, எபினேசர் பின்னாலேயே வந்தான். எங்கள் குழுவில் புரோகிராம் எழுதுகிறவன், நாசரேத்துக்காரன். “இவருதான் சார் தண்டபாணி அண்ணாச்சி” என்றான். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டி, சளி என்பதுபோல் சைகை செய்தேன்.

சாயங்காலம் என் மனைவி கலைவாணியிடம் புதிய பொறுப்பைப் பற்றிச் சொன்னேன். அவளிடம் எனக்குப் பெரும்பாலும் தடையில்லாமல் வரும்.

“கூட்டத்துல பேசோணுமாங்க?” என்றாள்.

“எழுதற வேலைதான் அதிகம்.”

அவள் பீன்ஸ் நறுக்குவதைத் தொடர்ந்தாள்.

நவம்பர் 8, வெள்ளி

நடைமுறைகளை எழுதி முடித்தேன். மொத்தம் பதினொன்று. நான் எழுதியதிலேயே நல்ல ஆவணம் இதுதான் என்று தோன்றுகிறது.

முதலாவது, ஒவ்வொருவரும் தன் வேலையை ஒரு கார்டில் எழுதிக் காலை ஒன்பதரைக்குள் சுவரில் உள்ள போர்டில் ஒட்டிவிட வேண்டும். இரண்டாவது, கார்டில் இருப்பதைக் குழுவில் ஒருவர் உரக்கப் படிப்பார். நான்காவது, கூட்டத்தை நடத்துபவர் பேசமாட்டார். அவர் பேசினால் மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துத் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்வார்கள். ஆகவே அவர் கார்டைச் சுட்டிக்காட்டுவதோடு சரி. ஏழாவது, இரண்டு வாரக் கூட்டத்தில் குறைகளைத் துண்டுச்சீட்டில் எழுதித் தர வேண்டும், பெயர் தேவையில்லை.

ஜெயந்த் படித்துவிட்டு என் இடத்துக்கே வந்தார். “நாலாவது பாயின்ட் பிரமாதம் தண்டபாணி. லீடர் வாயை மூடினாத்தான் டீம் பேசும். இதை பெங்களூர்ல யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியல.”

நான் அடக்கமாகச் சிரித்தேன்.

நவம்பர் 11, திங்கள்

முதல் காலைக் கூட்டம். ஏழு பேர். போர்டின் பக்கத்தில் நின்று ஒவ்வொரு கார்டாகத் தொட்டேன். எபினேசர் படித்தான். எங்காவது சந்தேகம் வந்தால் என் முகத்தைப் பார்த்து, “அண்ணாச்சி என்ன சொல்ல வாராருன்னா…” என்று அவனே முடித்துவிடுவான். பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னான். தவறாகச் சொன்ன இடத்திலும் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை.

பதினோரு நிமிடம்.

நவம்பர் 12, செவ்வாய்

ஒன்பது நிமிடம்.

நவம்பர் 17, ஞாயிறு

கலைவாணி நேற்று கோபியில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. மெக்கானிக்கின் நம்பர் குளிர்பதனப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை எடுக்கமாட்டார் என்று தோன்றியதால் ஃபோன் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக் குழாயில் எட்டு வாளி பிடித்து மாடிக்குத் தூக்கினேன். பிறகு என்ன பழுது என்று ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு கணபதி கடைவீதி வரை நடந்தே போய் மெக்கானிக் கடையில் நீட்டினேன். அவர் படித்துவிட்டு, “இதை ஃபோன்லயே சொல்லியிருக்கலாமுங்களே” என்றார்.

கலைவாணி வந்ததும் ஃபோனில் சார்ஜ் இல்லை என்று சொன்னேன். சார்ஜரில் செருகியிருந்த ஃபோனைப் பார்த்தாள்.

நவம்பர் 22, வெள்ளி

முதல் இரண்டு வாரம் முடிந்தது. மனம்விட்டுப் பேசும் கூட்டம் மதியம் மூன்று மணிக்கு. சீட்டுகளை எபினேசர் ஒவ்வொன்றாகப் படித்தான். ஏ.சி. குளிர்கிறது. கேன்டீன் காபி தண்ணீராக இருக்கிறது. வேலை நன்றாகப் பிரிகிறது.

ஒரு சீட்டில், “தண்டபாணி அண்ணா என்ன நினைக்கிறார் என்று ஒருநாளும் தெரிவதில்லை” என்று இருந்தது. எபினேசர் படித்துவிட்டு இருமினான். எழுத்தைப் பார்த்ததும் ஷமீமாவுடையது என்று தெரிந்துகொண்டேன். குழுவில் சோதனை செய்கிறவள் அவள்தான். நாங்கள் எழுதியது சரியாக ஓடுகிறதா என்று கடைசியாகப் பார்த்துச் சொல்ல வேண்டியவள். ஒப்பந்த வேலை. ஜனவரி முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. அதற்குள் நீட்டிப்பார்களா என்று காத்திருக்கிறாள். ஊரின் மறுகோடியில் இருக்கும் கரும்புக்கடைப் பகுதியிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறாள். இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். பெயர் தேவையில்லை என்ற நடைமுறையைக் காப்பாற்றத்தான்.

டிசம்பர் 6, வெள்ளி

பக்கத்துக் குழுக்களிலிருந்து வந்து எங்கள் போர்டைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஜெயந்த் ஒரு நீண்ட மெயிலில் என்னைப் பாராட்டி நிறுவனம் முழுவதற்கும் அனுப்பியிருக்கிறார். வீட்டில் படித்துக் காட்டினேன். கலைவாணி வடை சுட்டாள்.

டிசம்பர் 19, வியாழன்

ஜெயந்த் இன்று புதிதாக ஒன்று சொன்னார். பொங்கலுக்கு முன்னால், ஜனவரி பத்தாம் தேதி, புதிய மென்பொருள் எல்லா டிப்போவுக்கும் போகிறது. போவதற்கு முன் ஒரு கூட்டம். பால் நிறுவனத்துக்காரர் ஸ்பீக்கர் ஃபோனில் இருப்பார். “அங்க கார்டு எல்லாம் பத்தாது தண்டபாணி. போலாமா வேண்டாமான்னு குழுவோட பொறுப்பாளர் வாயால சொல்லணும்னு அவங்க கேக்கறாங்க.”

எழுத்துமூலமான ஒப்புதல் எந்தெந்த வகையில் மேலானது என்று மூன்று மெயில் எழுதினேன். மூன்றாவதற்கு ஒரே வரியில் பதில் வந்தது: “ஒரு வார்த்தைதானே.”

வேலையை விட்டுவிடலாமா என்று மத்தியானம் யோசித்தேன். வேறு இடத்துக்குப் போனால் நேர்காணல் உண்டு. நேர்காணலில் முதலில் பெயரைத்தான் கேட்பார்கள்.

ஜனவரி 2, வியாழன்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். “தயார்” வரவில்லை. “போகலாம்” வரவில்லை. “ஓகே” வருகிறது. பத்துக்குப் பத்து முறை. “இல்லை” என்பதும் வருகிறது. ஆனால் இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஓகே என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஆகவே எல்லாம் ஓகேயாக இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

மாலை நாலரைக்கு ஷமீமா கைப்பையோடு என் இடத்துக்கு வந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல், கிளம்ப வேண்டும் என்றாள்.

“பதினாலு டிப்போல பன்னெண்டு பாத்துட்டேங்கண்ணா. பொள்ளாச்சியும் உடுமலையும் பாக்கி. அங்கதான் புது வண்டி நாலு சேத்திருக்காங்க, பாக்காம அனுப்பவே கூடாது. நாளைக்குக் காலைல புள்ளையை ஆஸ்பத்திரில காட்டீட்டு பதினோரு மணிக்குத்தான் வருவேன். கூட்டத்துல நீங்க சொல்லீருங்க. திங்கக்கிழமை வரைக்கும் டைம் கேட்டாப் போதும்.”

தலையசைத்தேன்.

“மறந்துராதீங்கண்ணா.”

மறப்பதாவது. வீட்டுக்கு வந்ததிலிருந்து வேறு நினைவே இல்லை. பொள்ளாச்சி என்று தொடங்கினால் நின்றுவிடும். உடுமலை வரும், ஆனால் அது மட்டும் போதாது. “இன்னும் பாக்கி இருக்கு” என்று மாற்றி வைத்திருக்கிறேன். ‘இன்னும்’ என்பதில் ஏறிக்கொண்டால் அந்த ஓட்டத்தில் மீதியும் வந்துவிடும்.

ஜனவரி 10, வெள்ளி

கூட்டம் பத்து மணிக்கு. ஜெயந்த், நாங்கள் ஆறு பேர், மேசை நடுவில் ஃபோன். ஃபோனில் இருந்தவர், “பண்டிகை நேரம், எங்களுக்கு இன்னைக்கே வேணும், என்னங்க சொல்றீங்க?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

‘இன்னும்’ என்ற சொல் அந்த நேரத்தில் எங்கே போனதென்று தெரியவில்லை. நேராக ‘பாக்கி’யில் போய் நின்றேன். “பா” என்று வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஃபோனில் இருந்தவர் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து, “ஹலோ, ஹலோ” என்றார். ஜெயந்தின் நெற்றி சுருங்கியது. நான் மறுபடியும் “பா” என்றேன்.

“பக்காவா இருக்குன்னு சொல்லுதாரு சார்” என்றான் எபினேசர்.

எல்லோரும் மூச்சுவிட்டார்கள். ஃபோனில் இருந்தவர், “அப்பாடா, நன்றிங்க” என்று வைத்துவிட்டார். எபினேசர் எழுந்து போய் ஷமீமாவின் டிப்போ சோதனைக் கார்டை போர்டில் ‘முடிந்தது’ என்ற பத்தியில் ஒட்டினான். எனக்குத் தலை அசைந்திருக்க வேண்டும். அசைந்தது.

இரண்டே டிப்போக்கள். அதே புரோகிராம்தான். மற்ற பன்னிரண்டில் ஓடியது இந்த இரண்டில் ஓடாதா?

பதினோரு மணிக்கு ஷமீமா வந்தாள். “சொல்லீட்டீங்களாண்ணா? என்ன சொன்னாங்க?” என்றாள். தலையசைத்தேன். சொல்ல ஆரம்பித்தேன் என்ற அர்த்தத்தில்தான் அசைத்தேன். இன்றே போகிறது என்பது அதற்குள் அவள் காதில் விழுந்திருந்தது. “தெரிஞ்சுதான் அனுப்பறாங்களா?” என்றாள். நான் திரையைப் பார்த்தேன். “என்னமோ பண்ணட்டும்” என்று தன் இடத்துக்குப் போய்விட்டாள்.

ஆறு மணிக்கு மென்பொருள் போய்விட்டது. எல்லோருக்கும் கேன்டீனில் இனிப்புப் போண்டா.

ஜனவரி 13, திங்கள், போகி

புதிய பட்டியலின்படி வண்டிகள் ஓடிய முதல் நாள் இன்று. பொள்ளாச்சி வண்டிகள் உடுமலைக்கும் உடுமலை வண்டிகள் பொள்ளாச்சிக்கும் போய்விட்டன. புதிய வண்டிகள் நாலும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் பண்ணையிலேயே நின்றன. ஆறாயிரம் லிட்டர் வெயிலில் கெட்டுப்போனது. நாளைப் பொங்கலுக்கு அந்தப் பக்கம் முழுவதும் கடைகளில் பால் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து அலுவலக ஃபோன் ஓயவில்லை. என் மேசை ஃபோன் பதினாறு முறை அடித்ததை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் எபினேசர்தான் ஓடிவந்து எடுத்தான்.

நான் பிழையைத் திருத்தினேன். நாற்பது நிமிடத்தில். சோதனை செய்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கலைவாணி சனிக்கிழமையே இரண்டு பாக்கெட் பால் அதிகமாக வாங்கி வைத்திருந்தாள். பொங்கி வழிந்தபோது வாசலில் எல்லோரும் சொல்வதை என்னால் வாயசைக்கத்தான் முடிந்தது.

ஜனவரி 17, வெள்ளி

விசாரணை. அதே அறை, அன்று இருந்த அதே ஏழு பேர். இந்த முறை ஷமீமாவும்.

“டிப்போ சோதனை உங்க கார்டு. முடிஞ்சதுன்னு இருக்கு. ரெண்டு டிப்போ பாக்கவே இல்ல. எப்படி?” என்றார் ஜெயந்த்.

“நான் முடிஞ்சதுன்னு போடலீங்க சார். வியாழக்கிழமையே தண்டபாணி அண்ணாகிட்ட ரெண்டு பாக்கி, அனுப்பாதீங்கன்னு சொன்னேன். கூட்டத்துல சொல்லீட்டேன்னாங்க.”

“அந்தக் கூட்டத்துல நானும்தான் இருந்தேன். யாரும் அப்படிச் சொல்லலயே.”

ஷமீமா மேசையைச் சுற்றி ஒவ்வொருவரையும் பார்த்தாள். எபினேசர், “பக்கான்னுதான…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

“தண்டபாணி, இவங்க உங்ககிட்ட சொன்னாங்களா?”

சொன்னாங்க என்பதைத்தான் சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். கழுத்து இழுத்துக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டேன் என்று நினைக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

“சரி சரி, விடுங்க” என்றார் ஜெயந்த். குரலில் அவ்வளவு கனிவு. “அவரை எதுக்கு இதுக்குள்ள இழுக்கறீங்க ஷமீமா? உங்க தப்பை மறைக்க அவரைக் காட்டறது நல்லாவா இருக்கு?”

மற்றவர்களும் அவளை அப்படித்தான் பார்த்தார்கள். ஊமையின் மேல் பழி போடுகிறவளைப் பார்ப்பதுபோல. ஷமீமா என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தத்தை நீட்டப் போவதில்லை என்று சாயங்காலம் அவளுக்கு மெயில் போய்விட்டது.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ஜனவரி 18, சனி

ஜெயந்துக்கு மெயில் எழுதினேன். “ஷமீமா என்னிடம் சொன்னார். நான் கூட்டத்தில் சொல்லவில்லை” என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். சனிக்கிழமை யாரும் படிக்கமாட்டார்கள் என்பதால் அனுப்பவில்லை.

ஜனவரி 19, ஞாயிறு

மெயிலைச் சுருக்கினேன். இப்போது அரைப் பக்கம். “நான் சொல்லவில்லை” என்ற இடத்தில் “தகவல் பரிமாற்றத்தில் ஓர் இடைவெளி ஏற்பட்டது” என்று மாற்றினேன். நடை மேம்பட்டிருக்கிறது. நாளைக் காலை அனுப்பலாம்.

ஜனவரி 20, திங்கள்

அனுப்பவில்லை.

மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் ஷமீமா எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு நிமிசங்கண்ணா. அன்னிக்கு ரூம்ல உங்களுக்குப் பேச வரல. அது எனக்குப் புரியுது. அதுக்கு உங்க மேல கோவமில்ல. அதுக்கப்புறம் வெள்ளி, சனி, ஞாயிறு, இன்னிக்கு. எழுதத் தெரியும்ல உங்களுக்கு?”

நான் அவசரமாக ஃபோனை எடுத்து, எழுதி வைத்திருந்த மெயிலைக் காட்டினேன். அவள் மெதுவாக, இரண்டு முறை படித்தாள்.

“இதுல என் பேரே இல்லையே.”

நான் என் ஷூவைப் பார்த்தேன்.

“இடைவெளி ஏற்பட்டதுன்னு போட்டிருக்கீங்க. யாருண்ணா ஏற்படுத்துனது?” குரலை உயர்த்தவே இல்லை. “நீங்க தலையாட்டுனீங்க. சொல்லீட்டீங்களான்னு கேட்டேன், ஆமான்னு தலையாட்டுனீங்க. அதுக்கு வாய் வேண்டியதில்ல. அந்தப் பொய்யை நீங்க நல்லாத்தான் சொன்னீங்க.”

ஃபோனைத் திருப்பித் தந்தாள்.

“மெயில் எல்லாம் வேண்டாங்கண்ணா. மெயிலை ஜெயந்த் சார் படிப்பாரு, மூடி வெச்சிருவாரு. ஏழு பேர் முன்னாடி நான் பொய் சொல்றவள்னு ஆச்சு. அந்த ஏழு பேர் காதுலயும் விழோணும்.”

அவள் பேருந்து நிறுத்தம் வரை நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வீட்டுக்கு வந்து இதை எழுதுகிறேன். திக்குவாய் என்ற வார்த்தையை இந்த நோட்டில் நான் ஓரிடத்திலும் எழுதவில்லை என்பதை இப்போதுதான் கவனித்தேன். ஆனால் அதையும் எழுதிவிட்டு அதன் பின்னால் ஒளிந்துகொள்ளத்தான் தோன்றுகிறது.

ஜனவரி 21, செவ்வாய்

ஒன்பது நிமிடம். ஷமீமாவின் கார்டில், “வேலையை ஒப்படைத்தல்” என்று இருந்தது. எபினேசர் அதை மட்டும் மெதுவாகப் படித்தான்.

ஜனவரி 22, புதன்

காலையில் கலைவாணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியது உட்பட. டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

“அந்தப் புள்ளைக்கு வேலை போயிருச்சா?”

“மாசக் கடைசி வரைக்கும் இருக்கு.”

டிபன் பாக்ஸை மேசையில் வைத்தாள். பிறகு, “நான் வேணா ஜெயந்த் சார்கிட்ட ஃபோன்ல சொல்லட்டுங்களா?” என்றாள்.

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“பாத்தீங்களா” என்றாள். “பதினோரு வருசமா ஓட்டலுக்குப் போனா உங்களுக்கும் சேத்து நாந்தான் சொல்றேன். நானா ரவா தோசைன்னு சொல்லீர்றேன். நீங்க வேண்டாம்னு சொன்னதே இல்ல. உங்களுக்கு ரவா தோசை புடிக்குமான்னுகூட எனக்குத் தெரியாதுங்க.”

“பிடிக்காது” என்றேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். “நான் ஃபோன் பண்ண மாட்டேன்” என்றாள்.

ஜனவரி 24, வெள்ளி

போன வெள்ளிக்கிழமை விசாரணையால் தள்ளிப்போன இரண்டு வாரக் கூட்டம் இன்று மூன்று மணிக்கு. ஷமீமாவுக்கு இதுதான் கடைசி என்பதால் யாரோ சமோசா வாங்கி வைத்திருந்தார்கள். யாரும் எடுக்கவில்லை. ஜெயந்தும் வந்திருந்தார்.

நான் சீட்டுகளைக் கொடுக்கவில்லை. எழுந்து நின்றேன். எபினேசர் என்ன படிக்க வேண்டும் என்று என் கையைப் பார்த்தான்.

“ஷமீமா” என்றேன். அந்தப் பெயரே வரவில்லை. ஷ என்ற காற்று மட்டும் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தினேன், மறுபடி தொடங்கினேன். என் கை தொடையில் அடித்துக்கொண்டிருந்தது, அதை நிறுத்த முடியவில்லை.

“ஷமீமாவுக்கு விடை கொடுக்குறதைப் பத்தி அண்ணாச்சி…” என்றான் எபினேசர்.

கையை உயர்த்தி அவனை நிறுத்தினேன். இந்தப் பன்னிரண்டு வருடத்தில் அப்படி யாரையும் நிறுத்தியதில்லை. அவனுக்கு முகம் விழுந்துவிட்டது.

“சொன்னாங்க” என்றேன். அது வந்தது. பிறகு ஒவ்வொன்றாக. ஷமீமா வியாழக்கிழமை என்னிடம் சொன்னார்கள். பொள்ளாச்சி, உடுமலை, பாக்கி. நான் கூட்டத்தில் சொல்லவில்லை. பக்கா என்று நான் சொல்ல வரவில்லை, ஆனால் மறுக்கவில்லை. சொல்லிவிட்டீர்களா என்று அவர்கள் கேட்டபோது ஆமாம் என்று தலையாட்டினேன். அது பொய்.

பொள்ளாச்சியில் நின்றபோது யாரோ கதவைத் திறந்து, அடுத்து அறை தங்களுக்கு என்றார். யாரும் திரும்பிப் பார்க்காததால் மூடிக்கொண்டு போய்விட்டார். எல்லோரும் ஷூவைப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். ஷமீமா மட்டும் பார்வையை எடுக்கவில்லை. அதில் இரக்கம் இருந்திருந்தால் என்னால் முடித்திருக்க முடியாது.

கடைசியில் ஜெயந்த் கேட்டார்: “இதை ஒரு மெயில்ல சொல்லியிருக்கலாமே தண்டபாணி. பேச வராததுனாலதான்னா எனக்குப் புரியும். மெயில் ஏன் போடல?”

தப்பித்துப் போக அவர் ஒரு கதவைத் திறந்துவிட்டார் என்று புரிந்தது. வாய்தான் காரணம் என்று தலையாட்டினால் போதும்.

“பயம்” என்றேன். ப. அதற்கும் நேரம் ஆனது. “வாய் நல்லா இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்குத் தெரியல சார்.”

ஜனவரி 27, திங்கள்

எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சுருக்கமாக, யார் என்ன செய்தார் என்று பெயரோடு எழுதப்பட்டிருந்தது. கூட்டம் நடத்தும் பொறுப்பு இனி எபினேசருக்கு. இந்த வருடம் பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருக்காது. பால் நிறுவனத்துக்கும் உண்மையைத் தெரிவித்துவிட்டார்கள். அவர்கள் எங்களுடன் தொடர்வார்களா என்பது ஏப்ரலில்தான் தெரியும். தொடரவில்லையென்றால் யாரை அனுப்புவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எபினேசர் தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணாச்சி, ஒதவின்னு நெனச்சுதான் செஞ்சேன். இவ்வளவு நாளா உங்களுக்கு அது புடிக்கலியா?”

“எனக்கு வசதியா இருந்துச்சு” என்றேன். உண்மை அதுதான்.

நடைமுறைகளைத் திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுவது இன்னும் என் வேலைதான். நான்காவதை எடுத்துவிட்டேன். கார்டைப் பார்த்து ஒருவர் படிக்கும் வழக்கத்தையும். இனி அவரவர் வேலையை அவரவரே சொல்ல வேண்டும்.

ஜனவரி 29, புதன்

என் முறை வந்தபோது நான்கு நிமிடம் எடுத்தேன். கூட்டம் பதினெட்டு நிமிடம் ஓடியது. நாளை மறுபடியும் உண்டு, நாளை மறுநாளும். இதற்கு முடிவே இல்லை. பேசாமல் இருந்ததும் ஒரு கூண்டுதான், ஆனால் அதில் குறைந்தபட்சம் சத்தமில்லாமல் இருந்தது.

ஜனவரி 31, வெள்ளி

ஷமீமாவுக்கு ஆறு மாத நீட்டிப்பு வந்துவிட்டது. நேற்று மாலைதான். இந்த வாரம் முழுவதும் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. காபி எடுக்கும் இடத்தில் நான் நின்றால் திரும்பிப் போய்விடுகிறாள்.

காலைக் கூட்டத்தில் என் முறை. “நேத்து பொள்ளாச்சிப் பட்டியலை முழுசா மாத்தி எழுதினேன். இன்னைக்கு உடுமலை. தடை ஒண்ணும் இல்ல.” மூன்று வாக்கியம், இரண்டரை நிமிடம். எபினேசர் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். அவன் படும் பாடும் எனக்குத் தெரிந்தது. முடித்ததும் எல்லோரும் அடுத்தவர் பக்கம் திரும்பினார்கள்.

“ஒரு நிமிசம்” என்றாள் ஷமீமா. என்னைப் பார்த்துத்தான். “அந்தப் புது வண்டி நாலும் எந்த வரிசைல வருது? ஒரு வண்டி பாதி வழில நின்னுட்டா அதோட லோடை எது எடுக்கும்?”

இந்த அலுவலகத்தில் யாரும் என்னிடம் கூட்டத்தில் கேள்வி கேட்பதில்லை. நான் சொன்னதே போதும் என்று விட்டுவிடுவார்கள். அதை மரியாதை என்றுதான் நானும் வைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது. வண்டி வண்டியாகச் சொல்ல வேண்டும்.

ஷமீமா பேனாவின் மூடியைக் கழற்றி, நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை. அவசரமும் இல்லை.

சொல்லத் தொடங்கினேன். அவள் எழுதிக்கொண்டாள்.